நாரி

வைகாசி விடியல். இலங்கைத்துறை முகத்துவாரத்தில் கரைவலை இழுக்கிறார்கள். இடுப்பில் கயிறு, குதிகால் மணலில் புதைய, உடம்பைப் பின்னே சாய்த்து எட்டெட்டாகப் பின்வாங்குகிறார்கள். அம்பாப் பாட்டின் ஒவ்வோர் இழுவைக்கும் அத்தனை வயிறும் ஒன்றாக உள்ளே ஒட்டுகிறது.

நான் ஓலைப்பாயில் மல்லாந்து கிடக்கிறேன். கதிரையில் கழிந்த முப்பது வருடம் தந்த நாரிப்பிடிப்பு. பிலாட்டிஸ் பயிற்சி செய்யச் சொன்னபோது, பெண்களின் சங்கதி என்று சிரித்தவன்.

*

ஜோசப் பிலாட்டிஸ் 1883இல் ஜெர்மனியில் பிறந்த நோஞ்சான் பையன். ஆஸ்துமா, ரிக்கெட்ஸ். பிறகு குத்துச்சண்டைக்காரர். முதல் உலகப்போரில் பிரித்தானியர் அவரை எதிரி நாட்டவர் என்று பிடித்து, மான் தீவின் நொக்கலோ முகாமில் அடைத்தார்கள். அங்கே 20,000க்கு மேற்பட்டவர்கள், எல்லோரும் ஆண்கள். கம்பி வேலிக்குள் அவர் யோசித்துத் திரட்டிய பயிற்சிதான் இது. நியூயோர்க்கில் நடனக்காரர்கள் தேடி வந்தது பின்னாளில். அவர் வைத்த பெயர் ‘கொன்ட்ரோலஜி’. உடம்பை மனம் ஆள்வது.

முகாம் என்ற சொல்லை இந்த ஊருக்கு விளக்க வேண்டியதில்லை. 2006இன் போர் இடப்பெயர்வு போதும்.

*

இன்று ‘நூறு’. தலையைத் தூக்கி, கைகளைச் சிறிதாக அடித்தபடி, ஐந்து எண்ணி மூச்சை இழுத்து, ஐந்து எண்ணி விடுவது. பத்துத் தரம். நாற்பதாவது எண்ணிலேயே கழுத்து கெஞ்சுகிறது. பலத்தைக் காட்டி ஒப்பேற்ற முடியாத வேலை. மெதுவாகச் செய்யும்போதுதான் தெரிகிறது, ஆண்பிள்ளை முறுக்கு என்று நான் நினைத்தது பாதி இறுக்கம். தொடையின் பின்தசை காலை நீட்ட விடாது.

அடிவயிற்றின் ஆழத்தில் ஒரு தசை இடுப்பைக் கச்சைபோலச் சுற்றியிருக்கிறது. கரைவலைக்காரர்கள் கயிறு கட்டும் அதே இடம்.

இன்னும் கீழே, இடுப்புக்குழியின் தளத்துத் தசைகள். புரொஸ்டேட் சத்திரசிகிச்சைக்குப் பின் சிறுநீர் கசிபவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது இவற்றுக்கான பயிற்சியைத்தான். ஆண்கள் இதைத் தங்களுக்குள்கூடப் பேசுவதில்லை.

நாரிவலிக்குப் பிலாட்டிஸ் உதவக்கூடும் என்கிறது 2015இன் கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு. மற்றப் பயிற்சிகளைவிட மேல் என்று நிறுவப்படவில்லை. எனக்கு இவ்வளவு போதும்.

*

“சேர், இப்பிடிப் படுத்துக் கிடந்தா நாரிவலி போகுமா?”

கயிற்றை அடுத்தவரிடம் மாற்றிவிட்டு வந்த பெரியவர். முதுகில் உப்புப் பூத்திருந்தது. கேட்டுவிட்டு மணலிலேயே சாய்ந்து, சாரத்தை ஒதுக்கி, ஒரு காலைத் தூக்கினார். பாதியில் நின்றது. முழங்காலை முறைத்துப் பார்த்துச் சிரித்தார். மற்றக் காலைத் தூக்குவதற்குள் வலையின் மடி கரையேறிவிட்டது.