அடியில் கிடக்கும் நங்கூரம்

கனகம்மாசத்திரத்துத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு சின்னப் பாய்மரப் படகுகளின் நங்கூரங்களைப் பற்றி வாசிப்பது கொஞ்சம் அபத்தம்தான். இங்கிருந்து கடலுக்குச் சென்னைவரை போக வேண்டும். ஆனால் 'ஊரும் அம்மாவும்தான் எனக்கு நங்கூரம்' என்று நண்பர்களிடம் பல வருடங்களாகச் சொல்லி வருகிறேன். சொல்லும் பொருளைத் தெரிந்துகொள்ளலாமே என்று ஆரம்பித்தேன். அம்மா இங்கே தனியாக இருக்கிறார்.

நங்கூரம் தன் எடையால் படகை நிறுத்துகிறது என்றே நினைத்திருந்தேன். இல்லை, மண்ணுக்குள் புதைந்துதான் நிறுத்துகிறது. திரவ இயக்கவியலின் பெரிய பெயரான ஜி. ஐ. டெய்லர் ஒரு படகுக்காரரும்கூட. 1933-இல் அவர் வடிவமைத்த நங்கூரம் கலப்பைக் கொழு மாதிரி இருக்கும். எடை குறைவு, பிடி அதிகம். நம்மூர்க் கொழு மண்ணைக் கிழித்துக்கொண்டே நகர வேண்டும். அவருடையது இழுக்க இழுக்க உள்ளே போக வேண்டும். அதற்கு இழுப்பு தரையோடு தரையாக வரணும். படகின் முனையிலிருந்து கடலடிவரை 5 மீட்டர் என்றால், சங்கிலியை 25 மீட்டராவது விடுவார்கள். கஞ்சத்தனம் செய்தால் சங்கிலியே நங்கூரத்தைப் பிடுங்கிவிடும்.

சரி, அதை எங்கே வைப்பது? 8 மில்லிமீட்டர் சங்கிலி மீட்டருக்குச் சுமார் 1.4 கிலோ. 50 மீட்டருக்கு 70 கிலோ. முன்முனையில் ஓர் ஆள் இறங்காமல் உட்கார்ந்திருக்கிற மாதிரி. ஒவ்வொரு அலையிலும் படகு மூக்கைக் குத்தும். அதனால் நீண்ட பயணத்தில் சிலர் கனத்தைப் படகின் நடுவே, அடியில் இறக்கிக் கட்டிவிடுகிறார்கள். ஓட்டத்துக்கு அது நல்லது. ஆனால் கரையோரத்தில் இன்ஜின் நின்று, காற்று பாறைப் பக்கம் தள்ளும்போது, அரிசி மூட்டையை விலக்கி நங்கூரத்தைத் தேட நேரம் இருக்காது. கரை நெருங்கும் முன்பே ஒன்றாவது முனையில் தயாராக இருக்க வேண்டும்.

நான் அம்மாவை ஓட்டத்துக்கு இடைஞ்சல் இல்லாத இடத்தில்தான் வைத்திருக்கிறேன். 2020 லாக்டவுனில் எடுத்தேன். நான்கு மாதம் இங்கேயே இருந்தேன். பிறகு பழையபடி உள்ளே. மனிதரை வெறும் கருவியாக மட்டும் நடத்தாதே என்று காண்ட் 1785-இல் எழுதினார். அந்த 'மட்டும்' எனக்கு வசதியாக இருந்தது: பணம் அனுப்புகிறேன், ஞாயிறானால் பேசுகிறேன். இரும்புக்குக் காத்திருப்பது தெரியாது, உவமை அந்த இடத்தில் உடைகிறது என்றும் தப்பிக்கலாம். ஆனால் உவமையைக் கொண்டுவந்தது நான்தானே.

போன வாரம் அம்மாவிடமே சொன்னேன், "நீதாம்மா எனக்கு நங்கூரம்."

"அது தண்ணிக்கு அடியிலதானே கெடக்கும்?" என்றார். அப்புறம், சாயந்திரம் மாத்திரை வாங்கத் திருத்தணிவரைக்கும் கூட்டிட்டுப் போறியா என்று கேட்டார். எனக்கு ஆறு மணிக்கு மீட்டிங் இருந்தது.