முன்னணையும் அரியணையும்

பிள்ளை பிறந்தது, படுக்கப் பஞ்சணை இல்லை. சத்திரத்திலே இடமில்லை. மாடு தீனி தின்னும் முன்னணையிலே கிடத்தினாள் தாய். செய்தி முதலில் சென்ற இடம் அரண்மனையா? ஆலயமா? இல்லை! கண்விழித்து ஆடு காத்துக் கிடந்த மேய்ப்பர்களிடம் சென்றது. லூக்காவின் சுவிசேஷம் கூறும் கதை இது. அந்தப் பிறப்பை எதிர்நோக்கி, டிசம்பர் 25க்கு முந்திய நான்கு ஞாயிறுகளைத் திருவருகைக் காலம் எனக் கிறித்தவர்கள் கடைப்பிடிக்கின்றனர். காத்திருக்கும் காலம் அது.

பகுத்தறிவாளன் உடனே கேட்பான்: கன்னி கருவுற்றாள் என்பதை நம்புவது எப்படி? பிறந்த நாளுக்குச் சான்று ஏது? கேட்கட்டும், கேட்க வேண்டிய கேள்விகளே. சுவிசேஷங்கள் நான்கு, பிறப்புக் கதை கூறுபவை இரண்டே. அவ்விரண்டிலும் நாள் குறிக்கப்படவில்லை. டிசம்பர் 25 என்பது நான்காம் நூற்றாண்டு ரோமாபுரி ஏட்டிலேதான் தெளிவாகத் தென்படுகிறது. ஆனால், நாளை மறுத்துவிட்டால் கதையின் பொருளையும் மறுத்துவிட்டதாகுமா? அந்தக் கதையைப் போற்றுவோர் எந்த அறத்துக்குக் கட்டுப்படுகின்றனர் என்பது தனிக் கேள்வி. அதுவே பெரிய கேள்வி.

அவர்கள் கட்டுப்படுவது இதற்கு: தாங்கள் வணங்கும் கடவுள், பேரரசன் அகஸ்துவின் மாளிகையைத் தேடவில்லை, அவன் ஆணைப்படி குடிமதிப்புக்காக ஊர்விட்டு ஊர் சென்ற எளியோரிடம் வந்தார். கருவுற்ற மரியாள் பாடியதாக லூக்கா தரும் பாட்டு தாலாட்டு அன்று. ஆதிக்கக்காரர் வீழ்வர், தாழ்ந்தோர் எழுவர், பட்டினி கிடந்தோர்க்கு விருந்து, பணக்காரர்க்கு வெறுங்கை என்பதே அதன் சாரம். முன்னணை அரியணைக்கு விடுத்த அறைகூவல்!

போற்றியோர் அதன்படி நடந்தனரா? 1933ஆம் ஆண்டு ஜெர்மனியைப் பாருங்கள். இட்லர் ஆட்சியைப் பிடித்த ஆண்டு அது. செப்டம்பரிலே, பிரஷ்யப் புராட்டஸ்டண்டு திருச்சபையின் பேரவை, யூத வழிவந்தோர் பாதிரிப் பதவியில் இருத்தல் கூடாது என விதி செய்தது. டிசம்பரிலே அதே திருச்சபை முன்னணைக் குழந்தையைப் பாடித் துதித்தது. அந்தக் குழந்தை யார்? யூதத் தாயின் மகன்! சத்திரம் அன்று ஓரிரவு இடம் மறுத்தது. திருச்சபையோ சட்டம் எழுதி இடம் மறுத்தது.

இந்த முரண்பாட்டைச் சகியாதவர் ஒருவர் இருந்தார்: டீட்ரிஷ் போன்ஹோஃபர். வயது 27. லண்டனில் வாழ்ந்த ஜெர்மானியரின் ஆலயத்திலே அப்போது பாதிரியார். அதே டிசம்பர் 17ஆம் நாள், மரியாளின் பாட்டைப் பற்றிப் பேசினார்; அதனுள் கிடந்த புரட்சிக் கனலை ஊதிக் காட்டினார். முன்னணையருகே நிற்க விரும்புவோர் மேல் கீழ் என்னும் அளவுகோலை எறிந்துவிட்டு வரவேண்டும் என்பது அவர் கருத்து.

1939இல் அமெரிக்கா சென்றார். அங்கேயே தங்கியிருந்தால் உயிர் பிழைத்திருப்பார்; சில வாரங்களிலேயே திரும்பினார். 1943 ஏப்ரலில் கைது. பெர்லின் டேகல் சிறையிலிருந்து அந்த நவம்பரிலே நண்பருக்கு எழுதினார்: சிறைக்கூடம் திருவருகைக் காலத்தை ஒத்தது, உள்ளிருப்பவன் நம்பிக் காத்திருக்கிறான், கதவோ வெளியிலிருந்துதான் திறக்கும் என்ற பொருள்பட.

இங்கே நம் மனம் சீறும். வெளியிலிருந்து ஒருவர் வருவார் என்று சொல்லித்தானே ஏழையை உட்காரவைத்தனர்! விடுதலையை வானத்துக்கு ஒத்திவைத்தோர் எத்தனை பேர்! சீற்றம் நியாயமானது. எனினும் அந்தக் கைதி எப்படிக் காத்திருந்தார்? யூதர் சிலர் சுவிட்சர்லாந்துக்குத் தப்பத் துணை நின்றார். இட்லரை வீழ்த்த முனைந்தோருடன் சேர்ந்தார். 1945 ஏப்ரல் 9ஆம் நாள் ஃபுளோசன்பூர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். வயது 39. அவருடைய கதவு திறக்கவில்லை. ஆனால் பிறர் சிலருக்கு அவர் திறந்தார்.

அடைபட்டவனின் கதவு வெளியிலிருந்து திறக்கும் என்பது உண்மையானால், வெளியே நிற்பவன் யார்? அடைபடாத ஒவ்வொருவனும்! கிறித்தவன் இதை மறந்தால், அவன் ஏற்றும் மெழுகுவர்த்தி வெறும் அலங்காரம். வானத்திலிருந்து எவரும் வரமாட்டார் என்கிற நமக்கோ கடமை குறையவில்லை, கூடுகிறது. வேறு எவரும் வரப்போவதில்லையே! கதை பொய் என்று மெய்ப்பித்துவிட்டு, வாயிலில் நிற்பவனுக்கு இடமில்லை என்போமானால், அந்தப் பேரவைக்கும் நமக்கும் வேறுபாடு என்ன?