மைனர் சொத்து

உங்கள் வீட்டுப் பீரோவில் உங்களுடையது அல்லாத ஏதாவது இருக்கிறதா? தகப்பன் இல்லாத அண்ணன் மகளுக்கென்று எடுத்து வைத்த நகை, தங்கை மகனின் நிலப் பத்திரம், ‘பெரியவனானதும் கொடுத்துவிடலாம்’ என்று பூட்டி வைத்த பாஸ்புக்? இருந்தால், அன்பர்களே, என்னோடு லண்டனில் ஒரு பகல் நடக்க வாருங்கள். சீக்கிரம் வாருங்கள். பொழுது நமக்காக நிற்காது.

புறப்படுமிடம் கிளாரிட்ஜஸ் ஹோட்டல். 1854இல் பதினைந்து வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுவந்து இங்கேதான் இறக்கினார்கள். பெயர் துலீப் சிங். பஞ்சாபை ஆண்ட சீக்கிய மன்னர் ரஞ்சித் சிங்கின் மகன், ஐந்து வயதில் லாகூர் அரியணை ஏறியவன். 1846 டிசம்பரில் பைரோவாலில் ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள். பையனுக்குப் பதினாறு நிரம்பும் வரை, 1854 செப்டம்பர் 4 வரை, ஆங்கிலேயர் ராஜ்யத்தைப் பார்த்துக்கொள்வார்கள். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், மைனருக்குக் கார்டியன். 1848இல் முல்தானில் கலகம் மூண்டு போராக வளர்ந்தது. மைனரின் ராஜ்யத்தைக் காக்க வந்தவர்கள் கலகத்தை அடக்கினார்கள். அடக்கிவிட்டு ராஜ்யத்தையே எடுத்துக்கொண்டார்கள். 1849 மார்ச் 29. எழுதிக் கொடுத்த குழந்தைக்கு வயது பத்து. அந்தப் பத்திரத்திலேயே கோஹினூர் வைரத்துக்கும் ஒரு ஷரத்து இருந்தது.

நடங்கள். அடுத்தது பக்கிங்ஹாம் அரண்மனை. அதே 1854 கோடையில் வின்டர்ஹால்ட்டர் என்ற ஓவியர் இங்கே பையனின் படத்தை வரைந்தார். படத்தில் அவன் கழுத்தில் முத்துமாலை, மாலையில் விக்டோரியா அரசியின் சிறு உருவம். ஒரு நாள் அரசி கோஹினூரைக் கொண்டுவரச் சொல்லி அவன் கையில் கொடுத்தார். சுமார் 186 காரட்டாக இருந்த கல், 1852இல் மறுபடி பட்டை தீட்டப்பட்டு 105 காரட் அளவுக்குச் சுருங்கியிருந்தது. பையன் அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு அரசியிடமே கொடுத்துவிட்டான். ஒப்பந்தப்படி அவன் மேஜராக இன்னும் சில வாரங்களே இருந்தன.

அரசி அவன்மேல் வைத்த பிரியம் பொய்யல்ல. பின்னாளில் அவனுடைய மகனுக்கு ஞானத்தாயாகவும் நின்றார். எனக்கு அச்சமூட்டுவது அந்தப் பிரியம்தான். விருந்து வைத்தோம் என்பார்கள், கணக்கு வைக்கவில்லை. படம் வரைந்தோம் என்பார்கள், பத்திரத்தைத் திருப்பவில்லை. நாமும் அப்படித்தானே! ‘சொந்தப் பிள்ளைபோல் வளர்த்தேன்’ என்கிறோம். வளர்த்தீர்கள், சரி. அவன் அப்பனின் வயல் யார் பெயரில் இருக்கிறது? படிக்க வைத்தீர்கள், சரி. அவள் அம்மாவின் வளையல் யார் கையில் இருக்கிறது? கணக்கை எடுங்கள், அன்பர்களே. கேட்பதற்கு முன் எடுங்கள்.

விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ரஞ்சித் சிங்கின் பொன்தகடு போர்த்திய ஆசனம் இருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னே, வெறுமையாக. பார்த்துவிட்டு நகருங்கள்.

ஹாலண்ட் பார்க் வீட்டில் துலீப் சிங் பெயரோடு ஒரு நீலப் பலகை. இவரையும் நான் சும்மா விட மாட்டேன். எல்வெடன் பண்ணையில் பறவை சுட்டே எத்தனை ஆண்டுகளைக் கழித்தார்! கடன் கழுத்தைப் பிடித்த பிறகுதான் கணக்குக் கேட்டார். கார்டியன் தன் மைனரின் ராஜ்யத்தை எடுத்துக்கொள்ளலாமா என்று பத்திரிகைக்கு எழுதினார், 1884இல் புத்தகமே அச்சிட்டார். 1886இல் இந்தியாவுக்குக் கப்பல் ஏறியவரை ஏடனில் நிறுத்தினார்கள். இடையில் விட்டிருந்த சீக்கிய மதத்துக்கு அங்கேயே திரும்பினார். 1893இல் பாரிஸில் இறந்தார். நியாயம் அவர் பக்கம் இருந்தது, நாட்கள் இல்லை.

கடைசியாகக் கென்சல் கிரீன் கல்லறைத் தோட்டம். இங்கே கொஞ்சம் நில்லுங்கள். இது அவருடைய தாய் ஜிந்த் கௌர் கிடந்த இடம். 1847இல் மகனிடமிருந்து பிரித்தார்கள். சிறையிலிருந்து தப்பி நேபாளம் போனார். 1861இல் கல்கத்தாவில் மறுபடி மகனைச் சந்தித்தபோது அவருக்குப் பார்வை ஏறக்குறைய போய்விட்டது. கையால் தடவித்தான் பார்த்தார். சீக்கியத் தாயின் விரல்களுக்குக் கிடைத்தது வெட்டிய முடி. மகனோடு லண்டன் வந்தவர் இரண்டு ஆண்டு சொச்சம்தான் இருந்தார். 1863 ஆகஸ்ட் 1 அன்று கென்சிங்டனில் உயிர் பிரிந்தது.

தகனம் செய்ய அப்போது அந்த நாட்டில் வழியில்லை. உடலை இந்தத் தோட்டத்தில் வைத்துக் காத்திருந்தார்கள். மறு ஆண்டு மகன் கப்பலில் கொண்டுபோனார். பஞ்சாபுக்குள் விடவில்லை, வெளியிலேயே கொள்ளி வைத்தார். சாம்பலைப் பேத்தி பம்பா லாகூருக்குக் கொண்டுசேர்த்தது 1924இல். ஒரு பிடி சாம்பல் ஊர் திரும்ப அறுபது ஆண்டு! 1997இல் இங்கே பழுது பார்த்தபோது அவருடைய நினைவுப் பளிங்குக் கல் ஒன்று கிடைத்தது. உரியவர் போன பிறகு கல்லைக் கழுவி நிறுத்துவதில் நமக்கு எப்போதும் சுறுசுறுப்புதான்.

அன்பர்களே, உங்கள் பீரோவில் இருப்பதற்கு உரியவள் எங்கோ உயிரோடு இருக்கிறாள். அவளுக்கும் வயதாகிறது, அவள் கண்ணும் மங்குகிறது. தை பிறக்கட்டும் என்னாதீர்கள். தம்பி வரட்டும் என்னாதீர்கள். அவளே கேட்கவில்லையே என்று மட்டும் சொல்லாதீர்கள். இன்று இருட்டுவதற்குள் பூட்டைத் திறந்து, இருப்பதைத் தாளில் எழுதி, அவளைப் போனில் கூப்பிடுங்கள். ‘உன் சாமான் என்னிடம் இருக்கிறது, வந்து எண்ணி வாங்கிக்கொள்’ என்று சொல்லுங்கள்.