மாட்டேன் என்னும் சொல்

நமது பேச்சு வழக்கில் பெண் என்ற சொல்லோடு எப்பொழுதும் ஒட்டி வரும் வினைகள் இரண்டு. ஒன்று கொடுத்தல், மற்றொன்று எடுத்தல். இன்ன ஊரில் பெண் எடுத்தோம், இன்ன குடும்பத்தில் பெண் கொடுத்தோம் என்கிறோம். ஆண்பிள்ளைக்கோ கலியாணம் ‘செய்து வைக்கிறோம்’. அவனை யாரும் யாருக்கும் கொடுப்பதில்லை. விவாகச் சடங்கிற்குக் கன்னிகாதானம் என்றே பெயரிட்டிருக்கிறோம். தானமாகப் போகும் பசுவினிடமும் நிலத்தினிடமும் எவரும் அபிப்பிராயம் கேட்டதாக நாம் அறியோம்.

இலக்கண ஆராய்ச்சிக்காக இதனை எழுதப் புகவில்லை. குழந்தை வியாபாரம் என்றவுடன் நம் ஜனங்களின் மனத்தில் எழும் சித்திரம் ஒன்றுண்டு. இருட்டில் ஒரு மோட்டார் வண்டி நிற்கிறது. முரடர்கள் இறங்கி வந்து சிறுமியின் வாயைக் கட்டித் தூக்கிச் செல்கிறார்கள். அவ்வாறும் நடப்பதுண்டு. ஆனால் பல வேளைகளில் பெண்குழந்தை தன் வீட்டு முன்வாசல் வழியாகவே, பட்டப்பகலில், உற்றாரும் அண்டை அயலாரும் அறிய, ஒரு நல்ல பெயரோடு வெளியே அனுப்பப்படுகிறாள். வளர்ப்பு என்பார்கள், படிக்க வைக்கிறார்கள் என்பார்கள், வேலைக்கு என்பார்கள், வயது போதாவிடினும் கலியாணம் என்பார்கள். திருடனைப் பிடிப்பதற்குப் போலீசு இருக்கிறது. உபகாரியைச் சந்தேகிக்க யார் இருக்கிறார்கள்?

மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரை நம் வாசகர் பலர் அறிந்திருப்பர். 1883-இல் பிறந்த அவரைச் சிறு வயதிலேயே, வறுமை தாங்காத தாயார், பத்து ரூபாய்க்கும் ஒரு பழைய புடவைக்கும் தாசி வீடொன்றில் விட்டுச் சென்றார் என்பது அவர் வரலாறு. அந்தப் பத்து ரூபாயைக் காட்டிலும் நம் நெஞ்சை அறுப்பது அந்தப் பழைய புடவையே. பேரம் முடிந்த பின் கடைக்காரர் கொசுறு போடுவதுபோல அது போடப்பட்டிருக்கிறது. அத்தாயைப் பழித்துரைக்க நமக்கு மனம் வரவில்லை. பசியின் முன் நின்று நீதி பேசுவது வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கு. ஆயினும், தாயின் பசி மெய்யானது என்ற காரணத்தால் அங்கே நடந்த வியாபாரம் வியாபாரமல்லாமற் போய்விடுமா?

அச்சிறுமி வளர்ந்த பின் அவரை வயோதிகர் ஒருவருக்குக் கட்டிவைக்க ஏற்பாடாயிற்று. அப்பொழுது அவர் ‘மாட்டேன்’ என்றார். தமக்கு இசை கற்பித்த சுயம்புப் பிள்ளையை மணந்தார். பிற்காலத்தில் ஊர் ஊராகச் சென்று தேவதாசி முறையின் சூதுகளை எடுத்துரைத்தார். 1936-இல் ‘தாசிகள் மோசவலை’ என்னும் நாவலையும் எழுதி வெளியிட்டார். விற்கப்பட்ட பெண் சொன்ன ஒரு சொல் அவ்வளவு தூரம் போயிற்று. ஆனால் அச்சொல்லைச் சொன்ன வேளையில் அவர் பக்கத்தில் நிற்க ஒருவர் இருந்தார் என்பதையும் நாம் மறத்தலாகாது.

நிற்க. நமது மலாய் நாட்டிலும் இவ்விஷயம் புதிதன்று. சீனக் குடும்பங்களில் ‘முயி சாய்’ என்றொரு வழக்கம் இருந்தது. ஏழை வீட்டுப் பெண்குழந்தையைப் பணம் கொடுத்து வாங்கிக் கூலியில்லாத வீட்டு வேலைக்கு வைத்துக் கொள்வது அவ்வழக்கம். அச்சொல்லுக்குக் கந்தோனிய மொழியில் ‘சின்னத் தங்கை’ என்பது பொருளாம்! 1932-இல் இங்கே இதற்கெனச் சட்டங்கள் பிறந்தன. இனிப் புதிதாக முயி சாய் வைத்துக்கொள்ளலாகாது. ஏற்கெனவே இருப்போரைப் பதிவு செய்து கூலி தரவேண்டும். உடனே நடந்தது யாது? இவள் முயி சாய் அல்லள், எங்கள் வளர்ப்பு மகள் என்ற பேச்சு எழுந்தது. 1936-இல் மூவர் அடங்கிய விசாரணைக் குழு நியமிக்கப்பட்டு, ஹாங்காங்கிலும் மலாயாவிலும் ஆராய்ந்தது. 1937-இல் அதன் அறிக்கை வெளியாயிற்று. இரு ஆடவர் ஒரு முடிவுக்கு வந்தனர். மூன்றாமவரான எடித் பிக்டன் டர்பர்வில் என்ற ஆங்கில மாது, முன்பு பாராளுமன்ற அங்கத்தினராக இருந்தவர், தனி அறிக்கை எழுதினார். முயி சாய் என்று அழைக்கப்படுவோரை மட்டும் காப்பது போதாது. பெற்றோரிடமிருந்து பிறர் கைக்கு மாற்றப்படும் குழந்தைகள் அனைவருமே அரசாங்கத்தின் கண்காணிப்பில் வரவேண்டும் என்பது அவர் வாதம். பெயரைப் பார்க்க வேண்டாம், கைமாறுவதைப் பார் என்றார் அம்மாது. இத்தனை ஆண்டுகள் கழித்துப் படிக்கும்போதும் அவ்வறிக்கையின் பக்கமே நியாயம் இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது.

ஏனெனில் அந்தக் கேள்வி இன்னும் தீர்ந்தபாடில்லை. மலேசியாவின் 2001-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தில் 48-ஆம் பிரிவு, பணமோ மதிப்புள்ள பிறவோ பெற்றுக்கொண்டு குழந்தையைக் கைமாற்றுவதைக் குற்றமாக்கிற்று. நன்று. ஆனால் அச்சட்டம் இயற்றப்பட்டபோதே அப்பிரிவில் ஓர் எதிர்வாதத்திற்கும் இடம் வைத்தார்கள். மெய்யான விவாகத்தின் பொருட்டோ சுவீகாரத்தின் பொருட்டோ அது நடந்தது, பெற்றோரில் ஒருவரேனும் சட்டப்படியான பாதுகாவலரேனும் சம்மதம் தந்தார் என்று நிரூபித்தால் அது எதிர்வாதமாகும். சட்டம் வரைந்தோரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. மகவில்லாதார் பிள்ளையெடுத்து வளர்ப்பதைச் சட்டம் போட்டு ஒழிக்க முடியாது, ஒழிக்கவும் கூடாது. ஆனால் அவ்வாசகத்தில் கேட்கப்படும் சம்மதம் யாருடையது? பெற்றவருடையது. கைமாறப் போகிறவளுடையதன்று. 2016-இல் அல் ஜசீரா தொலைக்காட்சி இந்நாட்டில் சிசுக்கள் விலைக்கு விற்கப்படுவதைப் படம்பிடித்துக் காட்டியபொழுது நம்மவர் பலர் அதிர்ச்சியடைந்தனர். பழைய வியாபாரம், புதிய விலைப்பட்டியல், அவ்வளவே.

இங்கே அன்பர் சிலர் குறுக்கிட்டு ஒரு கேள்வி கேட்கக்கூடும். அது சாமானியமான கேள்வியன்று. 2000-ஆம் ஆண்டில் பலெர்மோ நகரில் கையொப்பத்திற்கு வைக்கப்பட்ட ஐக்கிய நாடுகளின் உடன்பாட்டில் மலேசியா 2009-இல் சேர்ந்தது. அதன்படி, சுரண்டும் நோக்கத்தோடு ஒரு குழந்தையைக் கொண்டு சென்றால், வன்முறையோ வஞ்சனையோ இல்லாதிருப்பினும் குற்றமே. அவள் சம்மதித்தாள் என்று சொல்லித் தப்ப முடியாது. இந்நாட்டின் 2007-ஆம் ஆண்டு ஆள்கடத்தல் தடுப்புச் சட்டமும் சம்மதத்தை எதிர்வாதமாக ஏற்பதில்லை. அப்படியாயின் அன்பர்கள் கேட்பார்கள்: “குழந்தையின் அபிப்பிராயத்தைக் கேட்க வேண்டும் என்கிறீர், அவளே சரியென்றால் அது செல்லாது என்கிறீர். இது முரணன்றோ?”

முரண்போலத் தோன்றலாம்; முரணன்று. பன்னிரண்டு வயதுப் பெண்ணொருத்தி தலையாட்டும்பொழுது அத்தலையை ஆட்டுவிப்பவை எவை? தகப்பனாரின் கடன், தம்பியின் பள்ளிச் செலவு, அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக் கொண்டது, ‘நீ போனால் குடும்பம் தலையெடுக்கும்’ என்று பெரியப்பா சொன்னது. அவள் சொல்லும் ‘சரி’ அவளைச் சுற்றி நிற்கும் அத்தனை பேருக்கும் இலாபம். அவள் சொல்லும் ‘மாட்டேன்’ அவள் ஒருத்தியைத் தவிர வேறொருவருக்கும் இலாபமன்று. ஆதலின் இரண்டையும் ஒரே தராசில் ஒரே படிக்கல்லால் நிறுத்தலாகாது. மேலும், சரி என்பவள் தான் காணாத ஒரு வீட்டிற்கு, அறியாத மனிதருக்கு, விளங்காத வேலைக்குச் சரி என்கிறாள். மாட்டேன் என்பவளோ தான் நன்கறிந்த ஒன்றை, தன் வீட்டை, தன் பள்ளியை விட்டுப் போக மறுக்கிறாள். அறிந்து சொன்ன சொல் எது? அவளுடைய ‘மாட்டேன்’ செல்லும். அவளுடைய ‘சரி’யை அவளுக்கு எதிராகப் பயன்படுத்தலாகாது என்பதே நமது கட்சி.

ஆனால் வெறும் வாயால் சொல்லும் ‘மாட்டேன்’ ஓர் இரவுகூடத் தாங்காது. சொன்ன பின் அவள் எங்கே படுப்பாள்? 1930-இல் சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வீட்டிற்கு, தேவதாசித் தொழிலுக்கு உடன்படாத சிறுமியர் அடைக்கலம் தேடி வந்தனர். மாணவியர் விடுதி அவர்களைச் சேர்த்துக் கொள்ள மறுத்தது. சட்டசபையில் அம்முறையை எதிர்த்து வாதாடியவர், தம் வீட்டுத் திண்ணையில் நின்ற சிறுமியரை என்ன செய்வது என்ற கேள்விக்கும் விடை காண வேண்டியதாயிற்று. அவர்களைத் தம்மிடமே வைத்துக் கொண்டார். அவ்வை இல்லம் அவ்விதம் பிறந்தது. சீர்திருத்தப் பிரசங்கங்களுக்கும் சீர்திருத்தத்திற்கும் இடையிலுள்ள தூரம் ஒரு பாய், ஒரு தலையணை என்று சொன்னால் மிகையாகாது.

கோலாலம்பூரிலும் அத்தகைய பாய்கள் விரிக்கப்பட்டதுண்டு. போருக்குப் பின் ஆதரவற்று நின்ற குழந்தைகளைச் சுவாமி சத்தியானந்தர் நிறுவிய சுத்த சமாஜம் பூச்சோங் சாலையில் ஏற்று வளர்த்தது. 1961-இல் அவர் மறைந்த பின், சிங்கப்பூரில் பிறந்த மங்களம் அம்மையார் 2023-இல் தாம் காலமாகும்வரை, அரை நூற்றாண்டிற்கும் மேலாக, அதற்குத் தாயாக இருந்தார். குழந்தைகளுக்கு அங்கே உணவோடு பள்ளியும் இருந்தது. இவ்விரண்டையும் பிரிக்காதிருந்ததே அதன் சிறப்பு என்பது நம் எண்ணம்.

பள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை. 1982-இல் டாக்டர் தம்பிராஜா முதலியோர் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையத்தையும், அதற்கு முன்னரே 1979-இல் தோன்றிய கல்வி நல ஆராய்ச்சி அறவாரியத்தையும் தேர்வில் தேறிய மாணவர் தொகையால் மட்டும் அளக்கிறோம். நமக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ மாலை வகுப்பு நடத்தும் ஆசிரியையிடம் ஒரு வரவேடு இருக்கிறது. இரண்டு வாரம் ஒரு பெயருக்கு நேரே வெற்றிடம் விழுந்தால், அவ்வம்மையார் அடுக்குமாடி வீட்டின் படியேறிப் போய், “பிள்ளை எங்கே?” என்று கேட்கிறார். வரவேடு எழுதிப் பிழைக்கும் தோட்டக் கிராணிமாராகிய நமக்கு அதன் வலிமை தெரியும். கூலிக்காகத் தினமும் பெயர் கூப்பிடும் உலகத்தில், கூலியில்லாத சிறுமியின் பெயரை ஒருவர் கூப்பிட்டுப் பார்ப்பது சிறு காரியமன்று.

பெயர் என்றவுடன் பத்திரம் நினைவுக்கு வருகிறது. நம் மக்கள் ‘சூரா’ என்றழைக்கும் பிறப்புப் பத்திரம் இல்லாத பெண், பன்னிரண்டு வயதில் அடையாளக் கார்டு எடுக்க முடியாது. போலீசு நிலையத்தின் வாசலை மிதிக்கவும் அஞ்சுவாள். பெற்றோர் தாலி கட்டியதைப் பதிவு செய்யாமல் விட்டதும், வளர்த்தவர் சுவீகாரத்தைப் பதிவு செய்யாமல் விட்டதும் அவள் தலையில் விடிகின்றன. டி.எச்.ஆர்.ஆர்.ஏ. மலேசியா என்ற சங்கத்தார் தீபகற்பத்தில் இவ்விதம் நாடற்று நிற்போரைத் தேடிக் கண்டு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கின்றனர். ‘மாட்டேன்’ என்று சொல்ல முதலில் நான் இன்னாள் என்று சொல்ல முடியவேண்டும்.

இனி, நம்மவர் பெண்களை மட்டுமே எண்ணிப் பேசுவதும் நியாயமன்று. நம் பாட்டனார் போர்ட் சுவெட்டன்ஹாம் துறையில் இறங்கிய காலம் போய், இன்று பல தோட்டத்து லயங்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் குடியிருக்கின்றனர். பத்திரமில்லாப் பிள்ளைகள் அவர்களிடையேயும் உளர். 1991-இல் தெனாகனித்தாவை நிறுவிய ஐரீன் பெர்னாண்டஸ் அம்மையார், தடுப்பு முகாம்களில் அயல்நாட்டுத் தொழிலாளர் பட்ட பாட்டை 1995-இல் எழுதியதற்காக வழக்கு மன்றம் ஏறி, 2003-இல் தண்டிக்கப்பட்டு, 2008-இல்தான் விடுதலை பெற்றார். 2014-இல் மறைந்தார். யார் பெற்ற பிள்ளை என்று பார்த்து அவர் வேலை செய்யவில்லை.

தமிழ்நாட்டில் 1989-இல் ஏழைப் பெண்களுக்கான திருமண உதவித் திட்டமொன்று மூவலூர் அம்மையாரின் பெயரால் தொடங்கிற்று. அதற்கும் படிப்பு ஒரு நிபந்தனையாக இருந்தது உண்மைதான். ஆயினும் விற்கப்பட்டு மீண்ட ஒரு பெண்ணின் பெயரை, பெண்ணைக் ‘கொடுக்கும்’ செலவிற்கு வைத்தது விந்தையே. 2022-இல் அதனை மாற்றி, அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்கிலேயே சேரும்படி ‘புதுமைப் பெண்’ என்ற பெயரால் அமைத்தார்கள். முகூர்த்தத்துக்கு வரும் பணம் வீட்டாரின் பந்தலுக்கு உதவும். மாதந்தோறும் தன் பெயரில் விழும் பணம் அவள் வீட்டில் வாய் திறக்க உதவும்.

இங்குள்ள நமது கோயில் கமிட்டியார் இதனை யோசித்துப் பார்க்கலாம். இந்நாட்டில் முஸ்லிம் அல்லாதாருக்குரிய 1976-ஆம் ஆண்டு விவாகச் சட்டத்தின்படி வயது பதினெட்டு. பதினாறு நிரம்பிய பெண்ணுக்கு மட்டும் மந்திரி பெசாரின் அனுமதியோடு விலக்குண்டு. மண்டபத்துக்கு முன்பணம் வாங்கும் மேசையிலேயே பெண்ணின் அடையாளக் கார்டைக் கேட்டால் என்ன? மாப்பிள்ளை வீட்டாரையும் பெண் வீட்டாரையும் ஒரு நிமிஷம் வெளியே இருத்திவிட்டு, அவளிடம் தனியாக ஒரு வார்த்தை கேட்டால் என்ன? வாழைமரம் கட்டிய பின் கேட்டுப் பயனில்லை. அப்பொழுது எந்தப் பெண்ணும் தலையைத்தான் ஆட்டுவாள்.

தோட்டங்களில் இதைவிட எளிய காரியம் ஒன்றுண்டு. அரசாங்கத்தின் ‘தாலியான் காசே’ உதவித் தொலைபேசி எண் 15999. இரவு பகலாக எடுக்கிறார்கள். ஆயாக்கொட்டகைச் சுவரில், சிறுமியின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில், அந்த ஐந்து எண்களைத் தமிழ் வரி ஒன்றோடு எழுதி வைக்க ஒரு டப்பா சாயமும் ஒரு தூரிகையும் போதும்.