பெயர்ந்த கழகம் அதே கழகமா?

ஓர் உதைபந்தாட்டக் கழகத்தின் மைதானம், வீரர்கள், நிர்வாகிகள், சுற்றியிருந்த ஊர் எல்லாமே மாறிவிட்ட பின்பும் அது பழைய கழகம்தானா? நகரங்கள் புதுப்பிக்கப்படும் இடமெங்கும் எழும் கேள்வி இது. மற்ற நாடுகளில் இந்த மாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இலங்கையின் வன்னியில் எல்லாம் ஒரே அடியில் போயின. 2009 ஜனவரி 2ஆம் திகதி இராணுவம் கிளிநொச்சியைக் கைப்பற்றியபோது நகரத்தில் ஆட்கள் இல்லை. மக்கள் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று கிழக்கே நகர்ந்து, போரின் முடிவில் முள்ளிவாய்க்காலில் மிஞ்சியவர்களாய்ச் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமைச் சேர்ந்தார்கள். அந்த முகாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது. கிளிநொச்சி ஊரோடு பெயர்ந்தது அதுவே முதல்முறையும் அல்ல. 1996இலும் அது நடந்தது.

திரும்பி வந்தவர்கள் கண்டது வேறொரு நகரம். ஏ9 வீதி அகலமானது, வங்கிக் கட்டடங்கள் எழுந்தன, 2013 செப்டெம்பரில் புகையிரதம் மீண்டும் கிளிநொச்சிக்கு வந்தது, இந்திய வீட்டுத்திட்ட வீடுகள் வரிசையாக நின்றன. போருக்குப் பின் தொடங்கிய விளையாட்டரங்கு வேலை ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. கேப்பாப்பிலவு, பரவிப்பாஞ்சான் போன்ற இடங்களில் காணிகளே படையினர் வசம் இருந்தன. அவற்றைக் கேட்டு மக்கள் வீதியோரம் நாட்கணக்கில் இருக்க வேண்டி வந்தது. ஊர் மைதானங்களுக்குப் பெரும்பாலும் உறுதிப்பத்திரம் கிடையாது. பள்ளிக்கூடத்துக் காணியிலோ கோயில் வெளியிலோ அரச நிலத்திலோ பொடியள் விளையாடி விளையாடியே அவை மைதானமாகின. திட்டமிடுபவரின் வரைபடத்தில் அந்த நிலம் வெற்றிடமாகத் தெரிவது இதனால்தான்.

இப்படியொரு நிலையில் ‘அதே கழகமா’ என்ற கேள்விக்குப் பௌத்தம் தெளிவான ஒரு விடை தரும். மிலிந்த பஞ்ஹா என்ற நூலில் பிக்கு நாகசேனர் மிலிந்த அரசனிடம் தேரைக் காட்டிக் கேட்கிறார்: அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா? எதுவும் இல்லை, இவை கூடியிருப்பதற்கு வைத்த வழக்குப் பெயரே தேர். கழகமும் அத்தகையது என்றால், உறுப்புகள் சிதறிய பின் அது அதுவேயா என்று கேட்பதில் பொருள் இல்லை. பழையதும் அல்ல, முற்றிலும் வேறும் அல்ல. ஒன்றிலிருந்து ஒன்று தோன்றும் தொடர்ச்சி மட்டுமே உண்டு.

தமிழில் இதற்கு எதிர்வாதம் பழையது. சமணக் காப்பியமான நீலகேசி பௌத்தரோடு வாதிடும் இடங்களில் ஒரு பிடி உண்டு: கணந்தோறும் ஒன்று அழிந்து மற்றொன்று தோன்றுமானால், வினை செய்தவன் ஒருவனாகவும் பயனை நுகர்பவன் வேறொருவனாகவும் ஆகிவிடுவார்களே? பௌத்தர் தொடர்ச்சி என்ற விடையால் இதைத் தாங்கிக்கொள்வார்கள். ஆனால் கழகங்களின் விடயத்தில் இந்தப் பிடி வலுவானது. போருக்குப் பின் 2010இல் மீண்டும் கூடியது வேறு கழகம் என்று கொண்டால், 2008இல் மைதானத்தை இழந்தவர் எவரும் இன்று இல்லை. இழப்பீடு கேட்கவும் ஆளில்லை. காணியை வேறு தேவைக்கு ஒதுக்க விரும்பும் அலுவலகத்துக்கு இதைவிட வசதியான தத்துவம் கிடைக்காது. ஆக, ‘அதே கழகம்’ என்று சொல்வது ஒரு பொருளை வருணிப்பது மட்டுமல்ல. யார் யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறார் என்று சொல்வதும்தான்.

ஐரோப்பியத் தத்துவத்தில் இதே சிக்கல் தெசியசின் கப்பலாக வருகிறது. பலகை பலகையாக மாற்றப்பட்ட கப்பல் பழைய கப்பல்தானா என்பது புளூட்டார்க் குறித்துவைத்த தர்க்கம். கழற்றிய பலகைகளைச் சேர்த்து இன்னொரு கப்பல் கட்டினால் எது அசல் என்று தோமஸ் ஹொப்ஸ் 17ஆம் நூற்றாண்டில் அதைச் சிக்கலாக்கினார். இலண்டனில் அது நடந்தேவிட்டது. விம்பிள்டன் கழகம் மில்டன் கீன்ஸ் என்ற புதுநகரத்துக்குப் பெயர 2002இல் அனுமதி கிடைத்தது; 2003இல் பெயர்ந்தது. ஆதரவாளர்கள் 2002இலேயே ஏஎப்சி விம்பிள்டனைத் தொடங்கி, கீழ்மட்ட லீக்கிலிருந்து ஏறிவந்து, 2020இல் பிளவ் லேன் வீதிக்கே திரும்பினார்கள். சட்டப்படியான தொடர்ச்சி பெயர்ந்த கழகத்திடம் இருந்தது. ஆயினும் 2007இல் அக்கழகம் பழைய வெற்றிக்கிண்ணங்களை விம்பிள்டன் இருக்கும் மேர்ட்டன் நகரசபையிடம் ஒப்படைத்தது. வரலாறு எவரிடம் இருக்க வேண்டும் என்பதில் சட்டம் முடிவாகவில்லை.

வன்னிக்கு நெருக்கமான விடை கோயில் நடைமுறையில் இருக்கிறது. திருப்பணிக்காகக் கோயிலைப் பிரிக்கும்போது சைவர்கள் பாலாலயம் செய்வார்கள். மூர்த்தியின் சாந்நித்தியம் தற்காலிக இடத்துக்கு மாற்றப்பட்டு, குடமுழுக்கில் மீள நிலைநிறுத்தப்படும். கல்லும் சுவரும் மாறலாம். பூசை நின்றுவிடக் கூடாது. கத்தோலிக்கரிடமும் இதற்கு இணை உண்டு. 2008 ஏப்ரலில் மடு மாதா சுரூபம் பாதுகாப்புக்காகத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோகப்பட்டு, அதே ஆண்டு ஓகஸ்டில் திரும்பியது. இடைப்பட்ட மாதங்களில் மடு மடுவாக இல்லாமல் போனது என்று எந்த யாத்திரிகரும் சொல்லமாட்டார். இடம் முக்கியமில்லை என்பதல்ல இதன் பொருள். திரும்புவதற்கு ஓர் இடம் இருந்ததால்தான் பெயர்ச்சி தற்காலிகமாயிற்று. பாலாலயத்துக்குப் பின் குடமுழுக்கு நடக்கவேயில்லை என்றால் அதை எவரும் திருப்பணி என்று சொல்வதில்லை.

கழகத்தில் பூசைக்கு நிகராக நிற்பது எது? விளையாட்டு மட்டும் போதாது. எந்தப் பதினொரு பேரும் விளையாடலாம். வடக்கில் கழகங்கள் இறந்த உறுப்பினர் பெயரில் ஞாபகார்த்தக் கிண்ணச் சுற்றுப்போட்டி வைக்கின்றன. தான் பார்த்தேயிராத ஒருவருக்காக இருபது வயதுப் பொடியன் ஓடும் அந்த ஆட்டத்தில் கழகம் தன் கடனை ஏற்றுக்கொள்கிறது. ஆளின் ஒருமைக்கு நினைவையே அடிப்படையாக்கிய ஜோன் லொக், ‘ஆள்’ என்பதே பொறுப்புச் சுமத்துவதற்கான சொல் என்றும் கண்டார். தனிமனிதனின் நினைவு அவனோடு போய்விடும். கழகத்தின் நினைவைக் கையளிக்கலாம், கடனையும் அப்படியே. புலம்பெயர்ந்தவர்கள் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் ஊர்ப்பெயரில் கழகம் நடத்துவதும் ஊருக்குச் சீருடைக்குப் பணம் அனுப்புவதும் இதே கணக்கில் சேரும்.

கடன் இல்லாத இடத்தில் கேள்வியும் இல்லை. 2018இல் வடக்கு கிழக்கு பிரிமியர் லீக்குக்காகக் கிளியூர் கிங்ஸ், முல்லை பீனிக்ஸ், வவுனியா வாரியர்ஸ் முதலிய அணிகள் உருவானபோது, அவை எந்தப் பழைய கழகத்தின் தொடர்ச்சி என்று கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

இந்த வாதத்துக்கு ஓர் ஆபத்து உண்டு. பழைய குடும்பங்களின் பிள்ளைகள் மட்டுமே வாரிசுகள் என்றாகிவிடலாம். வன்னியே குடியேற்றங்களால் ஆன நிலம். இரணைமடுக் குளத்தை நம்பி வந்தவர்கள் ஒரு தலைமுறை. 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து, காணி உரிமைக்காக இன்றும் அலைபவர்கள் இன்னொரு தலைமுறை. இரத்த வழியை அளவுகோலாக்கினால் அவர்கள் பந்தைத் தொட முடியாது. கடனை ஏற்பது அளவுகோலானால் நேற்று வந்தவரும் வாரிசாகலாம். பழைய பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு ஞாபகார்த்தக் கிண்ணத்தைக் கைவிட்டவர், உள்ளூரில் பிறந்திருந்தாலும், வாரிசு ஆகமாட்டார்.

1973ஆம் ஆண்டின் விளையாட்டுச் சட்டத்தின் கீழான பதிவு, கழகத்தின் பெயரில் யார் கையெழுத்திடலாம் என்பதைத் தீர்த்துவைக்கும். அதற்கு மேல் செல்லாது. இரண்டு ஊர்களில் மிஞ்சியவர்கள் சேர்ந்து ஒரே அணியாக விளையாடினால் எது பழைய கழகம் என்பதற்கு ஒற்றை விடை இல்லை. அதற்காக எந்தக் கடனும் தள்ளுபடியாவதில்லை. இரு ஊர்களின் ஞாபகார்த்தக் கிண்ணங்களும் அந்த அணிக்குரியவை; இரு மைதானங்களையும் கேட்கும் உரிமையும் அதற்கு உண்டு.