சிநேகத்தைக் கற்பிக்க முடியுமா?

முடிச்சுப் போடப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம். சிநேகத்தைக் கற்பிக்க முடியுமா? பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் நம் பெற்றோர் சிலர், "சாரணர் கூட்டம் வீண் பொழுது, அந்நேரம் டியூஷனுக்குப் போகலாமே" என்கின்றனர்.

1916-இல் பேடன் பவல் இங்கிலாந்தில் குருளைச் சாரணரைத் தொடங்கியபோது, சிறுவர்களை அறுவர் அறுவராகவே பிரித்தார். அம்முறையில் பொருளுண்டு. கடைக்காரர்களாகிய நாம் அறிவோம்: பொட்டலத்தைச் சணலால் இறுக்கி ஒருவன் முடிச்சிடும்போது, இன்னொருவன் விரல் வைத்து அழுத்த வேண்டும். விரல் தந்தவன் மலாய்ப் பிள்ளையா, சீனப் பிள்ளையா, கணக்கில் எத்தனை புள்ளி என்று அவ்வேளையில் எவன் கேட்பான்? சிநேகம் அங்கே பாடமாக வருவதில்லை, வேலையோடு வருகிறது. டியூஷன் மேசையிலோ பக்கத்துப் பையன் போட்டிக்காரன். (அதற்கு மாதக் கட்டணமும் நாமே கட்டுகிறோம்!)

டியூஷனை நிறுத்தச் சொல்லவில்லை. வாரத்தில் ஒரு பிற்பகலைப் பிள்ளைக்கு விடுங்கள் என்றே கேட்கிறோம்.