விளக்கும் கிணறும்

கோயிலில் பூசை முடிந்து நாலுபேர் கூடினால், கூரையில் பூட்டிய சூரியத் தகடுகள் பற்றிய கதை வராத நாள் குறைவு. எத்தனை கிலோவாற், எத்தனை டொலர் மிச்சம், மின்கலமும் வாங்கலாமா? அவுஸ்திரேலியாவில் ஏறக்குறைய மூன்று வீடுகளுக்கு ஒன்றில் இத்தகடுகள் உண்டு. நல்ல கதைதான். ஆனால் காலநிலை மாற்றம் என்று ஒருவர் தொடங்கினால், "அது அரசியல், இங்கே வேண்டாம்" என்று பேச்சை மாற்றிவிடுகிறோம்.

அரசியலுக்கு முன்னரே இது அறம் பற்றிய கேள்வி என்பது எமது எண்ணம். நாம் பெறும் வெளிச்சத்துக்கு விலை கொடுப்பவர் யார்?

சுன்னாகத்தை எடுத்துக்கொள்வோம். வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு, சுண்ணாம்புக் கல்லில் தேங்கும் மழைநீரே கிணற்று நீர். அங்கே டீசல் மின்நிலையத்தின் கழிவு எண்ணெய் நிலத்தடி நீரில் கலந்து, அயற் கிணறுகள் கெட்டன. 2019 இல் இலங்கை உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்கும்படி தீர்ப்பளித்தது. விளக்கு எரிந்தது பலருக்கு. கிணறு கெட்டது அயலில் இருந்தவர்களுக்கு.

அப்படியானால் காற்றாலை பாவமற்றது என்று சொல்லத் தோன்றும். மன்னார் மக்கள் அதையும் அவ்வளவு எளிதாக விடவில்லை. 2020 இல் அங்கே 30 காற்றாலைகள் கொண்ட மின்நிலையம் திறக்கப்பட்டது. மேலும் அமைக்கும் திட்டங்களை எதிர்த்து 2025 இல் மக்கள் வீதியில் இறங்கினர். வெள்ளம் வடியும் வழி, மீன்பிடி, வலசை வரும் பறவைகள் என்பன அவர்களின் கவலை. நிலக்கரியைவிடக் காற்று மேலானது என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயினும் அந்த மண்ணில் வாழ்பவரைக் கேளாமல் வரும் மின்சாரத்தை முற்றாகத் தூயது என்று சொல்ல மனம் வரவில்லை.

"ஜாம் போத்தல் விளக்கில் படித்த எங்களுக்கா சிக்கனம் சொல்லித் தருகிறீர்கள்?" என்று பெரியவர்கள் கேட்பர். 1990 க்குப் பின் மின்சாரமும் இல்லை, மண்ணெண்ணெயும் அருமை, அப்படித்தான் வாழ்ந்தோம். ஆனால் வேறு வழியில்லாமல் குறைத்ததை அறம் என்று எழுதலாமா? எவரும் தடுக்காத இடத்தில், கையில் காசும் இருக்கும்போது குறைத்துக்கொள்வதல்லவா அறம்! (இதற்காகச் சில அப்பப்பாமார் எம்முடன் கோபிப்பார்கள். கோபிக்கட்டும்.)

எமது ஓய்வூதியச் சேமிப்பு எந்தச் சுரங்கத்தில் முதலிடப்பட்டிருக்கிறது? ஆளில்லாத மண்டபத்தில் குளிரூட்டி ஏன் ஓடுகிறது? இவற்றைப் பிள்ளைகள் வீட்டில் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அடுத்த பொதுக்கூட்டத்துக்கு அவர்களையும் கூட்டிவாருங்கள். கணக்கறிக்கை வாசிக்கும்போது கோயிலின் மின்கட்டணத்தில் இருந்தே பேச்சைத் தொடங்கலாம்.